பேச்சிப்பாறை எத்தனை அடி? அரசு ஊழியரைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

மழைக்காலம் வந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் காலையில் பேப்பரைப் பிரிக்கிறவர்கள் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியைத்தான் முதலில் தேடுவார்கள். அணைகளின் நீர்மட்டம்தான் அது: பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு. அப்புறம் பாலமோர், சுருளோடு, கன்னிமார், பூதப்பாண்டி, மயிலாடி, கொட்டாரம், இரணியல், குளச்சல் என்று ஊர் ஊராகப் பெய்த மழை, மில்லிமீட்டரில். பேச்சிப்பாறை நிறைந்தால் 48 அடி, பெருஞ்சாணி நிறைந்தால் 77 அடி என்பது இங்கே நிறையப் பேருக்கு மனப்பாடம். பேச்சிப்பாறை நாற்பதைத் தாண்டி ஏற ஏற, குழித்துறை ஆற்றங்கரையில் இருப்பவர்கள் முற்றத்தில் கிடக்கிற சாமான்களை மேலே ஏற்றத் தொடங்குவார்கள்.

அந்த எண் தானாக வருவதில்லை. மலையில் கொட்டுகிற மழையில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டார்ச் அடித்து, அளவுகோலில் தண்ணீர் தொட்டுநிற்கிற கோட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, போனில் சொல்கிற ஒருவர் அணையில் இருக்கிறார். மழைமானியில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்க்கிற இன்னொருவர் ஓர் அலுவலக முற்றத்தில் இருக்கிறார். அவர்கள் பெயர் பேப்பரில் வராது. ஆனால் அவர்கள் எழுதிய எண்ணை நம்பித்தான் ஷட்டரை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவு எடுக்கப்படுகிறது. எண் தப்பினால் முடிவும் தப்பும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு உட்காருவேன். அரசியலமைப்பின் பிரிவு எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். "சரி, அரசு ஊழியர் என்று ஒருவர் எதற்கு வேண்டும்? அவரால் அரசு எப்படி நன்றாகும்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. அவர்களுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. நேற்றுதான் படிக்க ஆரம்பித்தவருக்கும் புரியும்படி, அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

அரசு எங்கே இருக்கிறது?

அரசு என்றதும் சட்டசபையும் கோட்டையும் நினைவுக்கு வரும். நம்மில் பெரும்பாலோர் அங்கே போனதே இல்லை. நாம் பார்த்த அரசு என்பது பிறந்தவுடன் எடை பார்த்த நர்ஸ், அ எழுதப் பழக்கிய டீச்சர், வருமானச் சான்றிதழுக்கு விசாரித்த வி.ஏ.ஓ., புயலுக்குப் பிறகு கம்பத்தில் ஏறிய லைன்மேன், கடைசி பஸ்ஸை எடுத்த ஓட்டுநர். இவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது காகிதத்தில் அச்சடித்த சட்டமும் மேடையில் சொன்ன வாக்குறுதியும் மட்டும்தான்.

இவர்களில் எல்லோரும் ஒரே வகை இல்லை. வருவாய்த்துறை, கல்வித்துறை போன்ற துறைகளில் இருப்பவர்கள் நேரடி அரசு ஊழியர்கள். நாகர்கோவில் மாநகராட்சியிலும், நம் மாவட்டத்தில் ஏராளமாக இருக்கிற பேரூராட்சிகளிலும் வேலை செய்பவர்கள் உள்ளாட்சி ஊழியர்கள். மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், அரசு ரப்பர் கழகம் ஆகியவை அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள். அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் இருப்பவர்கள் நிலை வேறு. ஒப்பந்தத்தில் தெரு கூட்டுகிற தூய்மைப் பணியாளர் நிலை அதைவிட வேறு. சம்பளமும் உரிமையும் ஆளுக்கு ஆள் மாறும். செய்வது மக்களுக்கான வேலை என்ற அர்த்தத்தில் இவர்கள் எல்லோரையும் சேர்த்தே இங்கே பேசுகிறேன்.

அரசில் இரண்டு பாதி உண்டு. ஒரு பாதியை நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம். எதைச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியது அந்தப் பாதி. இன்னொரு பாதி தேர்வெழுதி வருகிறது. எப்படிச் செய்வது என்று கண்டுபிடித்துச் செய்து முடிக்க வேண்டியது அந்தப் பாதி. ஆட்சி மாறினால் முதல் பாதி மாறும். இரண்டாவது பாதி இருந்த இடத்திலேயே இருக்கும். மாறிய மறுநாள் காலையும் பேச்சிப்பாறை எத்தனை அடி என்று யாராவது பார்த்தாக வேண்டும் அல்லவா!

இரண்டு பாதியும் ஒழுங்காகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதிய உணவைச் சொல்லலாம். 1950-களில் காமராசர் முதலமைச்சர். பசியோடு வருகிற பிள்ளை படிக்காது என்பது அவர் கண்டுகொண்டது. சோறு போட்டே ஆக வேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு. அதை ஊர் ஊராக நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் மக்களே பள்ளிக்கு வேண்டியதைத் தரும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊக்கி வளர்த்தவரும் அவர்தான். காமராசரைப் பின்னாளில், 1969-இல், நாகர்கோவில் தொகுதி மக்களவைக்கு அனுப்பியது. அவரை நாம் கொண்டாடுவது சரி. பக்கத்தில் நின்ற அந்த அதிகாரியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

யாரை எடுப்பது?

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் நெடுங்காலம் மகாராஜா ஆண்ட திருவிதாங்கூரில் இருந்தது. அந்த அரசில் வேலை யாருக்குக் கிடைக்கும் என்பது பெரிய சண்டையாகவே இருந்தது. உயர்ந்த பதவிகள் வெளியிலிருந்து வந்தவர்களுக்கே போகின்றன என்று 1891-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மகாராஜாவிடம் மனு கொடுத்தார்கள். மலையாளி மெமோரியல் என்று அதைச் சொல்வார்கள். 1896-இல் ஈழவர் சமுதாயத்தார் 13,176 கையெழுத்துகளோடு இன்னொரு மனு கொடுத்தார்கள். அந்த மனுவுக்குப் பின்னால் இருந்தவர் டாக்டர் பல்ப்பு.

பல்ப்புவின் கதையை நான் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். சென்னையில் மருத்துவம் படித்துவிட்டுச் சொந்த நாட்டில் வேலை கேட்டார். பிறந்த சாதியைக் காட்டித் திருவிதாங்கூர் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. மைசூர் அரசு கொடுத்தது. பெங்களூரில் பிளேக் நோய் பரவியபோது உயிருக்கு அஞ்சாமல் நோயாளிகளோடு நின்றவர் அவர். நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். ஒரு டாக்டருக்கு வேலை போயிற்று என்பதோடு அது முடியவில்லை. ஒரு நாட்டு மக்களுக்கே ஒரு டாக்டர் இல்லாமல் போனார்.

ஆள் பார்த்து எடுக்காமல் தேர்வு வைத்து எடுக்க வேண்டும், அந்தத் தேர்வில் எல்லாச் சமூகத்துக்கும் இடம் இருக்க வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களும் இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்துதான் வந்தன. மாகாணங்களில் முதலாவதாகத் தனித் தேர்வாணையம் அமைத்தது சென்னை மாகாணம், 1929-இல். இன்றைய டி.என்.பி.எஸ்.சி. அதன் வாரிசு. கிராம நிர்வாகம்கூட 1980 வரைக்கும் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பரம்பரையாக மணியக்காரர், கர்ணம் கையில் இருந்தது. அதை ஒழித்த பிறகு வி.ஏ.ஓ. பதவிக்குத் தேர்வு வந்தது. இன்று குரூப் 4 எழுதி ஒரு மீனவர் வீட்டுப் பெண் வி.ஏ.ஓ. ஆகி வந்து உட்காருகிறாள் என்றால், அந்த நாற்காலிக்குப் பின்னால் இத்தனை வருடச் சண்டை இருக்கிறது. அவள் உட்காருவதால் அரசுக்கும் லாபம். கரமடி, அதாவது கரையில் நின்று வலை, இழுக்கிற வீட்டின் வருமானம் மாதா மாதம் ஒரே மாதிரி இருக்காது என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏன் சுலபமாக வேலையை விட்டு எடுக்க முடிவதில்லை?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடுதான் எல்லோரும் கேட்பார்கள். கோபம் நியாயம்தான். அதனாலேயே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: அரசுப் பணியில் இருக்கிற ஒருவரை, அவரை நியமித்தவருக்குக் கீழே உள்ள அதிகாரி நீக்க முடியாது, குற்றச்சாட்டு என்ன என்று சொல்லி, அவர் பதிலையும் கேட்டு, விசாரித்த பிறகே நீக்கவோ பதவி இறக்கவோ வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. நீக்கவே முடியாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நினைத்த மாத்திரத்தில் நீக்க முடியாது என்றுதான் இருக்கிறது.

எதற்கு இந்தக் காப்பு? ஒரு குளத்தை வைத்துச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் குளம் இல்லாத ஊர் இல்லை. ஒரு குளத்தின் கரையோரம் கொஞ்சம் மண் விழுகிறது, அப்புறம் ஒரு சுவர், அப்புறம் ஒரு கட்டடம். பட்டா கேட்டு மனு வருகிறது. வி.ஏ.ஓ. இடத்தைப் பார்த்து "இது குளம், புறம்போக்கு" என்று அறிக்கை எழுத வேண்டும். கேட்கிறவர் ஊரில் செல்வாக்கு உள்ளவர். நாளைக்கே வேலை போய்விடும் என்ற நிலை இருந்தால் அந்த ஒரு வார்த்தையை எழுத எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அந்தக் காப்பு வி.ஏ.ஓ.வின் சௌகரியத்துக்காக வைத்தது இல்லை. குளத்துக்காக வைத்தது. அந்தக் குளத்துத் தண்ணீரில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைவிக்கிறவர்களுக்காக வைத்தது.

1949 அக்டோபர் 10 அன்று அரசியல் நிர்ணய சபையில் சர்தார் பட்டேல் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணிகளைப் பற்றிப் பேசினார். மனதில் பட்டதைத் துணிந்து சொல்கிற சுதந்திரம் உள்ள பணி இல்லாவிட்டால் ஒன்றுபட்ட இந்தியா நிலைக்காது என்பது அந்தப் பேச்சின் சாரம். அவர் பேசியது பெரிய அதிகாரிகளைப் பற்றி. எனக்கு அது கிராமத்து வி.ஏ.ஓ. வரைக்கும் பொருந்துவதாகவே படுகிறது.

அந்தக் காப்பைப் பிடித்துக்கொண்டு சீட்டில் தூங்குகிறவர்களும், மனுவோடு வருகிறவரை நிமிர்ந்தே பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். லஞ்சம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். லஞ்ச ஒழிப்புச் சட்டம் 1988-இலிருந்து இருக்கிறது, புகார் கொடுக்கத் தனித் துறையும் இருக்கிறது. பணம் கேட்கிறவரைப் பற்றிப் புகார் கொடுப்பது அரசுக்கு எதிரான காரியம் இல்லை. அதே அலுவலகத்தில் நேர்மையாக உட்கார்ந்திருக்கிறவருக்கு நாம் செய்யும் உதவி அது. பக்கத்து மேஜைக்காரர் வாங்குகிற பணத்துக்கு இவரும் சேர்ந்து கெட்ட பெயர் சுமக்கிறார்.

வேலை செய்கிறவருக்கு மட்டும் தெரிந்தது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்க வேண்டும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

எந்தத் திட்டமும் மேலே எழுதப்படும்போது வழவழவென்று இருக்கும். தரைக்கு வந்ததும் எங்கோ தட்டும். எங்கே தட்டுகிறது என்று முதலில் தெரிவது அதைச் செய்கிற ஊழியருக்குத்தான். பேச்சிப்பாறை அணையை 1897-க்கும் 1906-க்கும் இடையில் மிஞ்சின் என்ற பொறியாளர் கட்டி முடித்தார். அதன் தண்ணீர் தோவாளை சானல், அனந்தனார் சானல் என்ற கால்வாய்களில் பிரிந்து பிரிந்து கடைவரம்பு வரைக்கும் போக வேண்டும். எந்த மடையில் எத்தனை மணி நேரம் பலகையைத் தூக்கினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறும், எந்த வளைவில் தாமரையும் பாசியும் அடைத்துக்கொள்ளும், எந்த இடத்தில் கரை பலவீனம் என்பதெல்லாம் பொறியாளரின் வரைபடத்தில் இருக்காது. கரையோரம் நடந்து தண்ணீர் திறந்துவிடுகிற ஊழியரான லஸ்கருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெற்று, அந்த இடம் நிரப்பப்படாமல் கிடந்தால், ஒரு ஆள் குறைந்தார் என்று கணக்கு சொல்லும். ஓர் ஏலா, அதாவது ஒரு வயல்வெளி, முழுக்கத் தண்ணீர் போகிற வழியும் அவரோடு போயிருக்கும்.

ஓகி புயலில் இதை நேரில் பார்த்தேன். 2017 நவம்பர் 30. விடிந்து பார்த்தால் ரப்பர், தென்னை, வாழை எல்லாம் படுத்துக் கிடந்தன. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. வெளிமாவட்டங்களிலிருந்து மின்வாரியப் பணியாளர்கள் லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கம் வந்தவர்கள் கொங்கு நாட்டுக்காரர்கள். வீட்டுக்கு வீடு கட்டன் சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் கொடுத்தோம். கம்பம் நடுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் எங்கள் ஊரில் எந்த லைன் எங்கே போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பகுதி லைன்மேன் மூன்று நாள் தாடியோடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரத்தில் ஊறிய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். இந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற லைன் சர்ச்சுக்குப் பின்னால் போய், சானல் கரையோடு ரைஸ்மில்லுக்குப் போகும். நடுவில் இருக்கிற நாலு வீட்டுக்கு மட்டும் அந்தப் பக்கத்து டிரான்ஸ்பார்மர். "அண்ணே, அங்க பீஸை உருவாம இந்தக் கம்பத்துல ஏறிராதீங்கோ, கேட்டியளா" என்று இரண்டு தடவை சொன்னார். அந்த நாலு வீட்டு இணைப்பு பல வருடங்களுக்கு முன்னால் ஏதோ அவசரத்தில் மாற்றிக் கொடுத்ததாம். அவர் தலையில் மட்டும் இருந்தது. அவர் அன்றைக்கு அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதே புயலின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். கரையில் ஒலித்த எச்சரிக்கை அத்தனை தொலைவுக்கு எட்டவில்லை. திரும்பி வராதவர்களின் படங்கள் இன்றும் அந்த ஊர்களில் தொங்குகின்றன. நம் ஆட்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கீழே தெரிந்திருப்பது மேலே திட்டம் போடுகிற இடத்துக்குப் போய்ச் சேராவிட்டால், அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்க வேண்டிவரும்.

கீழே தெரிந்தது மேலே போகும் வழி

அப்படிப் போய்ச் சேர்கிற ஒரு நல்ல வழியும் நம்மிடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் மாசமாக இருந்தபோது கிராம சுகாதார செவிலியர் வருவதைப் பார்த்திருக்கிறேன். சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். திண்ணையில் உட்கார்ந்ததும் பையைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் காலைத்தான் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி, எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்தார். குழி அப்படியே நின்றது. முகத்தில் எதையும் காட்டாமல் பி.பி. பார்த்தார். "மக்கா, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், சாயந்தரம் ஆகட்டும்னு இருக்கப்பிடாது" என்றார். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். கால் வீக்கத்தோடு ரத்த அழுத்தமும் ஏறினால் அது ஜன்னி வரைக்கும் போகும் ஆபத்து என்பது அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. திண்ணையில் உட்கார்ந்த உடனே காலைப் பார்ப்பது அவர் நடந்து நடந்து கற்றுக்கொண்டது.

எல்லாப் பிரசவமும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. ஒரு தாய் இறந்துபோனால் தமிழ்நாட்டில் அதைப் பதிந்துவிட்டு விட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக ஆய்வு செய்யும் வழக்கம், நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு முன்னரே இங்கே வந்துவிட்டது. செவிலியரிடம் கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், வீட்டாரிடமும் கேட்பார்கள். எங்கே தாமதம்? வீட்டில் முடிவெடுக்கவா, வண்டி கிடைக்கவா, ஆஸ்பத்திரியில் ரத்தம் கிடைக்கவா? மாவட்ட ஆட்சியர் அளவிலும் ஆய்வு நடக்கும். யாரைத் தண்டிப்பது என்று தேடினால் எல்லோரும் உண்மையை மறைப்பார்கள். எங்கே ஓட்டை என்று தேடினால்தான் சொல்வார்கள். மூன்று செவிலியர்களை வைத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிரசவம் பார்க்கிற ஏற்பாடு, 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் எல்லாம் இப்படி அறிந்த ஓட்டைகளை அடைக்கிற வேலைகள்தான். 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 54. இந்த வித்தியாசத்துக்குள் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணத்தின் பழக்கம் இருக்கிறது, பல ஆட்சிகளின் முடிவுகள் இருக்கின்றன, திண்ணை திண்ணையாக ஏறி இறங்கிய சிஸ்டர்களின் கால்கள் இருக்கின்றன.

அரசைச் சீராக்குவது என்றால் என்ன என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். புதுப் பெயரில் திட்டம் அறிவிப்பதும் கம்ப்யூட்டர் வாங்கி வைப்பதும் அதற்குத் துணைதான். கீழே இருப்பவர் கண்டதைப் பயமில்லாமல் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் அதைக் கேட்டு ஒன்றை மாற்ற வேண்டும், மாற்றியது மறுபடி கீழே வந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சுற்று நிற்காமல் ஓட வேண்டும்.

அதனால்தான் ஒப்பந்தப் பணியாளர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. தெருவில் எந்தச் சாக்கடை எந்த மழைக்கு நிறையும் என்று தூய்மைப் பணியாளருக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. எந்தக் குழந்தை திங்கட்கிழமை பசியோடு வரும் என்று அங்கன்வாடி அக்காவுக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே குறைந்த சம்பளம். அவர்கள் பேச்சு ஏறுகிற அம்பலமும் இல்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர் "இங்கே தப்பு நடக்கிறது" என்று எப்படிச் சொல்வார்? செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, அரசு தன் கண்ணையும் காதையும்தான் குறைத்துக்கொள்கிறது.

பொதுமக்கள் பக்கத்திலும் செய்ய வேண்டியவை உண்டு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். பத்து ரூபாய் கட்டி 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கலாம், பொதுவாக முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இதெல்லாம் பலருக்குத் தெரியும். ஒருவர் நன்றாகச் செய்தால் அவருடைய மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்பதைத்தான் யாரும் நினைப்பதில்லை.

ஒரு பழைய பிரமாணம்

எங்கள் தாத்தாவின் நிலம் விளவங்கோடு தாலுகாவில் இருக்கிறது. 22 சென்ட். அப்பா காலமான பிறகு பட்டா மாறுதலுக்கு அலைந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். முதல் தடவை போனபோது இந்த சர்வே எண் கம்ப்யூட்டரில் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை, பிரமாணம், அதாவது நிலப் பத்திரம், மலையாளத்தில் இருக்கிறது, மொழிபெயர்த்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். குமரி மாவட்டத்தில் பழைய நிலம் வைத்திருக்கிற நிறைய வீடுகளுக்குத் தெரிந்த கதை இது. திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம், கேரளத்துக் கொல்லம் ஆண்டுக் கணக்கு, நில வரிப் பதிவேட்டு எண்ணான தண்டப்பேர், பழைய சர்வே எண். ரீசர்வேக்குப் பிறகு எண் மாறிவிட்டது. பழையதற்குப் புதியது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாம் தடவை ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த ஒருவர் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினார். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போய் நின்று வாய்விட்டு வாசித்தார். "கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டு, மேட மாசம்…" அப்புறம் எல்லைகள். வடக்கே இடவழி, கிழக்கே தோடு. பக்கத்து மேஜையிலிருந்து விழுப்புரத்துப் பெண் ஒருத்தி, புதிதாக வந்த இளநிலை உதவியாளர், "தோடுன்னா காதுல போடுறதா சார்?" என்றாள். "ஓடையம்மா, சின்ன ஓடை. நம்ம ஊர்ல தோடுன்னா தண்ணி ஓடுறது" என்று சிரித்தார் அவர்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு நீளநோட்டை எடுத்தார். அட்டை பிய்ந்து நூலால் தைத்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி. இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் ரீசர்வே எண், நடுவில் பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்பு: "பாதி ரோட்டில் போனது", "பாகம் பிரித்தது". பதிவேடு கிழிந்துபோய் ஜனங்கள் திரும்பத் திரும்ப அலைவதைப் பார்த்து, வருகிற ஒவ்வொரு வழக்கிலும் கண்டுபிடித்ததை அவராகவே எழுதிவைத்தது. யாரும் எழுதச் சொன்னதில்லை. பத்து நிமிடத்தில் எங்கள் எண் கிடைத்துவிட்டது. "இதுக்கு முன்னால எத்தனை தடவை வந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டிக்கொண்டார்.

முன்னால் சொன்னேனே, அந்த மாதிரிக் கடிதம் ஒன்றை அவருடைய மேலதிகாரிக்கு எழுதி அனுப்பினேன். நோட்டைப் பற்றித்தான் நிறைய எழுதினேன். இவர் ஓய்வு பெறுவதற்குள் இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு தலைமுறை அலையும் என்று.

பட்டா நகல் வாங்கப் போன அன்று மதிய நேரம். பெரியவர் லீவு. கவுன்ட்டரில் ஒரு பாட்டி பிளாஸ்டிக் கவரிலிருந்து மஞ்சளேறிய பிரமாணத்தை எடுத்து நீட்டினார். விழுப்புரத்துப் பெண் அதை வாங்கி மேஜையில் விரித்தாள். பக்கத்தில் அந்த நீளநோட்டு திறந்தபடி இருந்தது. மலையாள எழுத்துகளைத் தமிழோடு வரிசையாக எழுதிய ஒரு தாளைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். அதையும் பிரமாணத்தையும் மாறி மாறிப் பார்த்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். "வடக்கே… இட… இடவழி. கிழக்கே…" என்று நிறுத்தி, பாட்டியை நிமிர்ந்து பார்த்து, "தோடு" என்றாள். பாட்டி, "ஆமா மக்களே, தோடுதான்" என்றார்.